இஞ்ஞாசியம்மாவின் கம்பி நார்

கடற்கரையின் தென்கோடியில் செலஸ்தீனாவின் கொட்டகை இருந்தது. படகில் விரிசல், கீறல், கறை என்று வருகிறவர்கள் காலையில் வருவார்கள். மனசில் எதையாவது போட்டு உழப்பிக்கொண்டிருப்பவர்கள் சாயங்காலம், கரையில் சிலுவை நட்ட குருசடியில் செபமாலை முடிந்த பிறகு வருவார்கள். காலையில் வருகிறவர்களோடு அவள் நிறையப் பேசுவாள். சாயங்காலம் வருகிறவர்களோடு குறைவாகப் பேசுவாள்.

இஞ்ஞாசியம்மா ஒரு வியாழக்கிழமை மத்தியான வெயிலில் வந்து நின்றாள்.

செலஸ்தீனா மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு ஒரு படகின் அடியில் குந்தியிருந்தாள். தலைமுடியெல்லாம் ஃபைபர் தூசி. அவள் தம்பி ரோச் பக்கத்தில் உட்கார்ந்து பசை கலக்கிக்கொண்டிருந்தான்.

"செலஸ்தீ, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"படகா, செபமா?"

"ரெண்டும் இல்ல. எம் மவன்."

"அப்போ ரெண்டுந்தான். நிழலுக்கு வாங்க எக்கா."

இஞ்ஞாசியம்மா செலஸ்தீனாவைவிட நன்றாக மூத்தவள். ஆனாலும் புருசன் கடலோடு போன வருசத்திலிருந்து இவளிடம்தான் செபம் படித்தாள். அதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்த செபம் அழுகை ஒன்றுதான். வயசுக்கு 'நீ' என்பாள். குருசடியில் மண்டியிட்டுவிட்டால் 'நீங்க' என்பாள். ஊரில் யாரும் இதை வேடிக்கையாக நினைத்ததில்லை.

"தனிஸ் கொச்சிக்குப் போறானாம்" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே. "ஞாயித்துக்கிழமை சாமியார் வந்து படகை மந்திரிச்சதும் பையைத் தூக்கிருவானாம். அங்க ஆர்பர்ல யாரோ விசைப்படகுக்கு ஆள் கேட்டாங்களாம்."

"இங்க சொந்தப் படகு நிக்கே?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அங்க எவனும் என் வாயை மோந்து பாக்க மாட்டான்'ங்கான்."

ரோச் பசை கலக்குவதை நிறுத்திவிட்டான். "எக்கா, நீங்க மோந்து பாக்கீங்களா?"

"பெத்தவ பாக்காம வேற யாரு பாப்பா?"

"எப்பப்ப?"

"கரை ஏறினதும். படுக்கப் போகையில. கோயிலுக்குக் கிளம்புத முன்ன."

"கோயிலுக்கு முன்னயுமா!"

"நற்கருணை வாங்குத வாயில்லையால அது!"

ரோச் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். செலஸ்தீனா சிரிக்கவில்லை.

தனிஸ் குடித்தவன்தான். அதில் ஊருக்கு ஒளிவுமறைவு இல்லை. போன மழைக்காலத்தில் இஞ்ஞாசியம்மா தன் கையால் அவனைக் கூட்டிக்கொண்டு போய் மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தாள். திரும்பி வந்த நாளிலிருந்து அவன் ஒரு சொட்டுத் தொடவில்லை. விடிகாலையில் கடலுக்குப் போகிறான், வருகிறான், வலை பார்க்கிறான், தூங்குகிறான். ஒரு தாய் கும்பிட்டுக் கேட்பது இதுதானே. கேட்டதெல்லாம் கிடைத்த பிறகுதான் அவளுக்குத் தூக்கம் போயிற்று.

"சொல்லு செலஸ்தீ. ஒருத்தன்ட்ட இருந்த கறை போயிருச்சா, இல்ல உள்ள பதுங்கிக் கிடக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிடணும்? அது தெரிஞ்சிட்டா நான் நிம்மதியா இருப்பேன். அவனும் நிம்மதியா இருப்பான். எங்கயும் போக மாட்டான்."

செலஸ்தீனா முகத்துணியை அவிழ்த்தாள்.

"படகு எங்க நிக்கு?"

"கரையில ஏத்திருக்கு. மந்திரிக்குததுக்கு முன்ன கழுவணும்லா."

"வாங்க, பாப்போம்."

"நான் மவனைப் பத்திக் கேக்கேன், நீ படகைப் பாக்கணும்ங்கியே?"

"பாக்கத் தெரிஞ்சதைப் பாக்கேன் எக்கா."

*

'கடல் விண்மீன்' மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. வெள்ளை ஃபைபர் படகு, விளிம்பில் நீலக் கோடு. தண்ணீர் தொடும் மட்டத்தில் மஞ்சளாக ஒரு பட்டை ஓடியது. அது எல்லாப் படகுக்கும் உள்ளது. ஆனால் அதற்கு மேலே, முன்புறத்திலிருந்து பாதி தூரம் வரைக்கும், அம்மை போட்டது போலப் பொடிப்பொடியாகப் பழுப்புப் புள்ளிகள்.

"இந்தா, இதுதான்" என்றாள் இஞ்ஞாசியம்மா. "சனிக்கிழமை சனிக்கிழமை தேய்க்கேன். தேய்ச்சு முடிச்சா பால் மாதிரி இருக்கும். திங்கக்கிழமை பாத்தா திரும்பவும் வந்து நிக்கும். என்ன பாவமோ."

"எதனால வருதுன்னு நினைக்கீங்க?"

"நினைக்க என்ன இருக்கு? இவந்தான். நங்கூரத்தைத் தூக்கிப் பக்கத்துல சாத்துவான். இரும்பு உரசி உரசி இப்படி ஆவுது. 'உரசாதல'ன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'நான் உரசலம்மா'ங்கான்."

செலஸ்தீனா உள்ளங்கையை வைத்துப் படகின் பக்கத்தைத் தடவினாள். வயிறு தள்ளிய மாட்டைத் தடவிக்கொடுப்பது போல, மெதுவாக, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. பின்புறம் வழுவழுவென்று இருந்தது. புள்ளிகள் இருந்த இடம் மட்டும் சொரசொரத்தது. அங்கே பளபளப்பே இல்லை, சுண்ணாம்புச் சுவர் போல மங்கிக் கிடந்தது.

"என்னத்தை வச்சுத் தேய்க்கீங்க?"

இஞ்ஞாசியம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் காட்டினாள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். மெல்லிய இரும்பு இழை, பஞ்சு மாதிரி சுருட்டியது. "பொடிமணலும் இதுவும். முடியாட்டா கக்கூஸ் கழுவுத ஆசிட்டு கொஞ்சம். என் வீட்டுப் பானையெல்லாம் எப்படி மின்னும்னு ஊருக்கே தெரியும்."

அது உண்மைதான். இஞ்ஞாசியம்மாவின் வெண்கலப் பானையில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் என்று பெண்கள் சொல்வார்கள்.

"இதை எப்பமும் கூடயே வச்சிருப்பீங்களோ?"

"புள்ளி எங்க தெரிஞ்சாலும் உடனே தேய்ச்சிரலாம்லா."

செலஸ்தீனா தலையை ஆட்டினாள். கொட்டகைக்குத் திரும்பி, மூலையில் கிடந்த துண்டுகளில் ஒன்றைத் தேடி எடுத்தாள். புதிதாக வார்த்த படகிலிருந்து வெட்டி மிஞ்சிய ஃபைபர் துண்டு. முறத்தளவு இருக்கும். முட்டைத் தோடு மாதிரி வெள்ளை.

"இதைக் கழுவிக் குடுங்க எக்கா."

இஞ்ஞாசியம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல கறையே இல்லையே?"

"உள்ள பதுங்கிக் கிடந்தா?"

"அதுவும் சரிதான்."

உட்கார்ந்து தேய்த்தாள். கறை இல்லாத இடத்தில் தேய்ப்பது அவளுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு கை தன் வழக்கத்துக்கு வந்துவிட்டது. மணல் போட்டு, நாரைச் சுருட்டிப் பிடித்து, வட்டம் வட்டமாக, முழங்கை வலிக்க. ரோச் வேடிக்கை பார்த்தான். பாதி முடிந்ததும் செலஸ்தீனா துண்டை வாங்கிக்கொண்டாள்.

"மீதிப் பாதி?"

"அது கிடக்கட்டும்."

மீதிப் பாதியை அவளே ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தாள். ஒரு வாளி கடல் தண்ணீரை முழுத்துண்டின் மேலும் ஊற்றினாள். கடல்காற்று படும்படி வேலியில் சாய்த்து வைத்தாள்.

"நீ இன்னும் பதிலே சொல்லலியே?"

"சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். கொஞ்சம் மெதுவா வர்ற பதில். நாளைக்குக் காலையில வாங்க. வர்றப்ப எலுமிச்சம்பழம் கொண்டாங்க. நிறைய."

*

அன்று சாயங்காலம் குருசடியில் பெண்கள் கூடினார்கள். மெழுகுவர்த்தி காற்றில் சாயாமல் இருக்க ஒரு டால்டா டப்பாவை மறைப்பாக வைத்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, தனிஸ் மணலில் கால் நீட்டி உட்கார்ந்து வலையின் கண்ணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். படகு கரையில் நின்றதால் அவனுக்கு வேறு வேலை இல்லை.

எந்த வேண்டுதலுக்காகச் செபிப்பது என்று, தொடங்குவதற்கு முன்னால் வழக்கம்போல செலஸ்தீனா கேட்டாள்: "இன்னைக்கு யாருக்கு என்ன கருத்து?"

ஒருத்தி பேரன் காய்ச்சலுக்காக என்றாள். ஒருத்தி மகள் பிரசவத்துக்காக என்றாள்.

இஞ்ஞாசியம்மா எழுந்து முட்டிபோட்டு, கைகளை விரித்து, கடலுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "குடியில விழுந்து எழுந்த என் மகன் தனிஸ்லாஸ் திரும்பவும் அந்தக் குழியில விழாம இருக்க, தாயே, நீங்கதான் பாத்துக்கிடணும்!"

"ஆமென்" என்றார்கள் எல்லோரும். அவன் திரும்பி வந்ததிலிருந்து தினமும் சொல்கிற ஆமென்தான். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஒன்றிரண்டு பேர் பாவமே என்று அவன் பக்கம் திரும்பியும் பார்த்தார்கள்.

தனிஸ் வலை ஊசியைக் கண்ணியில் குத்தி வைத்தான். எழுந்து மணலைத் தட்டிவிட்டு நடந்துவிட்டான்.

"பாருங்க, செபம்னா ஓடுதான்" என்று இஞ்ஞாசியம்மா முணுமுணுத்தாள்.

செலஸ்தீனா சிலுவை வரைந்து முதல் மணியைப் பிடித்தாள்.

*

வெள்ளிக்கிழமை காலையில் இஞ்ஞாசியம்மா கூடை நிறைய எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். கூடையைக் கீழே வைத்ததும் கண் வேலிக்குப் போயிற்று.

துண்டின் ஒரு பாதி, நேற்று இருந்தது போலவே முட்டைத் தோடாக வெளுத்துக் கிடந்தது. மறுபாதியில், அவள் கை போன வழியெல்லாம், வட்டம் வட்டமாகப் பழுப்புப் புள்ளிகள்.

"யாரு இதைக் கடல்ல போட்டது?"

"ரோச்சு, யாருல இதைக் கடல்ல போட்டது?" என்று செலஸ்தீனா உள்ளே பார்த்துக் கேட்டாள்.

"அதுவா? அது பிறந்ததுல இருந்து இந்தக் கொட்டகையைத் தாண்டல" என்றான் ரோச்.

"அப்போ எதுவும் இரும்பு உரசிச்சா? நங்கூரம் கிங்கூரம்?"

"நங்கூரத்தை நான் எதுக்கு எக்கா வேலியில சாத்தப்போறேன்?"

இஞ்ஞாசியம்மா துண்டின் முன்னால் குந்தினாள். ஒரு புள்ளியை நகத்தால் சுரண்டினாள். அது போகவில்லை. பக்கத்துப் புள்ளியைச் சுரண்டினாள். வெளுத்த பாதியைத் தடவினாள், வழுக்கியது. புள்ளிப் பாதியைத் தடவினாள், சொரசொரத்தது. நேற்றுப் படகில் செலஸ்தீனா தடவியபோது அவளும் கூடவே தடவியிருக்கலாம். தோன்றவில்லை.

ரோச்சுக்கு மனசு கேட்கவில்லை. வெளியே வந்து, "எக்கா, அந்த நாரு தேய்க்கத் தேய்க்கப் பொடிப்பொடியா உடையும். கண்ணுக்குத் தெரியாது. பளபளப்பை அது கீறும்லா, அந்தக் கீறலுக்குள்ள போய் உக்காந்துக்கிடும். உப்புக்காத்து பட்டதும் துருப்பிடிக்கும். பானைக்கு ஒண்ணும் ஆவாது. ஃபைபருக்கு ஆவும்" என்றான்.

"நான் தேய்ச்சதாலயா வருது?"

"ஆமா."

"அதைப் போக்க நான் திரும்பவும் தேய்ச்சேனே!"

"ஆமா எக்கா."

இஞ்ஞாசியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நாரும் துருப்பிடித்திருந்தது. முந்தானையில் அது இருந்த இடம் பழுப்பாகியிருந்தது. அவள் விரல் நுனிகளும் அப்படித்தான். எத்தனையோ நாளாக அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

நாரைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டாள்: "அப்போ, அவன் உரசலையா?"

"அவன்கிட்டக் கேட்டீங்களா?" என்றாள் செலஸ்தீனா.

"கேட்டேன். உரசலைன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பொய் சொல்லாதலன்னேன்."

செலஸ்தீனா கத்தியை எடுத்தாள். கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, அறுத்து, பாதியை இஞ்ஞாசியம்மாவின் கையில் வைத்தாள்.

*

முதலில் படகு முழுவதையும் நல்ல தண்ணீரால் கழுவினார்கள். சோப்புத் தண்ணீரில் முக்கிய பழைய பனியன் துணியால் மேலிருந்து கீழே துடைத்தார்கள். ஒட்டியிருந்த சிப்பிகளை ரோச் ஒரு மரத்துண்டால் நெம்பி எடுத்தான். பிறகு எலுமிச்சைச் சாறில் நனைத்த துணிகளைப் புள்ளிகளின் மேலும் மஞ்சள் பட்டையின் மேலும் வரிசையாக ஒட்டினார்கள். காய்ச்சல்காரன் நெற்றியில் பற்றுப் போட்ட மாதிரி இருந்தது படகு.

"இனி தேய்க்கட்டுமா?"

"வேண்டாம்."

"அப்போ நான் என்ன செய்ய?"

"நிழல்ல உக்காருங்க."

"சும்மாவா?"

"சும்மா இருக்க முடியாட்டா செபமாலை சொல்லுங்க. மனசுக்குள்ள."

இஞ்ஞாசியம்மா உட்கார்ந்தாள். செபமாலையை எடுத்தாள். இரண்டு மணி உருட்டுவதற்குள் எழுந்து போய் ஒரு துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"எக்கா."

"ஓரத்தைத்தான் பாத்தேன்."

மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"எக்கா!" என்றான் ரோச். "தொட்டில் துணியை விலக்கி விலக்கிப் பாத்தா பிள்ளை எப்ப தூங்கும்?"

"உனக்கென்னல தெரியும் பிள்ளை வளக்குதது! கலியாணம் முடிக்கச் சொன்னா கடலைப் பாத்துக்கிட்டு நிக்குத."

"நான் முடிச்சா என் பொண்டாட்டி மோந்து பாப்பாளே. அதுக்குப் பயந்துதான்."

இஞ்ஞாசியம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு அப்படியே நின்றாள். பிறகு போய் உட்கார்ந்தாள். இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை.

வெயில் சாயும்போது செலஸ்தீனா துணிகளை எடுத்தாள். மஞ்சள் பட்டை இருந்த இடம் தெரியவில்லை. புள்ளிகளில் பாதி காணாமல் போயிருந்தன. மீதி வெளிறியிருந்தன. நாளைக் காலையில் இன்னொரு பற்றுப் போட்டால் போதும் என்றாள்.

"யாருமே தேய்க்கலியே" என்றாள் இஞ்ஞாசியம்மா, நம்ப முடியாமல்.

அன்று சாயங்காலமும் குருசடியில் மெழுகுவர்த்தி எரிந்தது. தனிஸ் அதே இடத்தில் அதே வலையோடு உட்கார்ந்திருந்தான். தன் படகு கரையில் நின்றதால், அன்று இருட்டியதும் ஒரு கூட்டாளியின் படகில் கடலுக்குப் போக இருந்தான்.

"இன்னைக்கு யாருக்கு என்ன கருத்து?"

பேரன் காய்ச்சல் சொல்லப்பட்டது. பிரசவம் சொல்லப்பட்டது. இஞ்ஞாசியம்மா எழுந்து முட்டிபோட்டாள். பெண்கள் ஆமென் சொல்லத் தயாரானார்கள். தனிஸ் ஊசியைக் கண்ணியில் குத்தப் போனான்.

இஞ்ஞாசியம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் கண் அங்குமிங்கும் அலைந்து, கடைசியில் தூணில் சாய்ந்து நின்ற ரோச்சின் மேல் விழுந்தது.

"ரோச்சோட முதுகு வலிக்காக" என்றாள்.

"எனக்கு முதுகு வலியே இல்லையே!"

"வரும். இப்பமே கேட்டு வைக்கேன்."

"ஆமென்" என்றார்கள் பெண்கள், சிரிப்பும் குழப்பமுமாக. குருசடியில் அப்படிச் சிரித்துச் செபமாலை தொடங்கியது அதுவே முதல் தடவை. செலஸ்தீனா சிலுவை வரைந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தனிஸ் ஊசியைக் கையில் வைத்தபடியே அம்மாவைப் பார்த்தான். பிறகு குனிந்து அடுத்த கண்ணியைப் பின்னினான். கடைசி மணி முடியும்வரை அங்கேயே இருந்தான். கூட்டாளி கூப்பிட்டபோதுதான் எழுந்து போனான்.

*

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் புள்ளி ஒன்றுகூட இல்லை. மங்கிப்போன இடத்தை செலஸ்தீனா ஒரு களிம்பு வைத்து மெத்தென்ற துணியால் மெல்ல மெல்ல மெருகேற்றினாள். பிறகு மெழுகு டப்பாவைத் திறந்தாள்.

"இப்படி, ஒரு கையகலம் எடுத்துக்கிடுங்க. மெல்லிசாப் பூசுங்க. அப்புறம் அடுத்த கையகலம். வெயில் படக் கூடாது. பூசினது வெள்ளையா மங்கி வரும். மங்கினாத்தான் காஞ்சிருக்குன்னு அர்த்தம். அதுக்கப்புறம் துடைச்சா மின்னும்."

"காயுததுக்கு முன்ன தொட்டா?"

"உங்க விரல் தடம் நிக்கும்."

தார்ப்பாய் நிழலில் இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையிலிருந்து பூசிக்கொண்டே வந்தார்கள்.

"இனி கறையே வராதுல்லா?" என்றாள் இஞ்ஞாசியம்மா.

"வரும்."

"வருமா! பின்ன எதுக்கு இவ்வளவு பாடு?"

"கடலுக்குப் போற படகுல்லா எக்கா. எண்ணெய் படும், மீன் ரத்தம் படும், புகை படும். வரும். ஆனா மெழுகு மேலதான் நிக்கும். உள்ள இறங்காது. நீங்க ஈரத்துணியை வச்சு ஒரு இழுப்பு இழுத்தாப் போதும்."

"ஈரத்துணி போதுமா?"

"போதும்."

செலஸ்தீனா அதைச் சொன்ன விதத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்பது போலச் சொன்னாள்.

கடைசிக் கையகலத்தைப் பூசி முடிக்கும்போது தனிஸ் வந்தான். ராத்திரி முழுக்கக் கடலில் இருந்த முகம். தோளில் உப்புப் பூத்த துண்டு. அம்மாவைப் பார்த்ததும், யாரும் சொல்லாமலே, பக்கத்தில் வந்து குனிந்தான். கண்ணை மூடிக்கொண்டான். வாயைத் திறந்து, "ஹா" என்று ஊதினான். கரை ஏறியதும் செருப்பு மாட்டுவது போல அது அவனுக்கு ஒரு பழக்கமாகிவிட்டிருந்தது.

ரோச் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டான்.

இஞ்ஞாசியம்மா மகனின் முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் அந்த வாயைத்தான் பார்த்திருக்கிறாள். கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"வாயை மூடுல. ஈ போயிரும்" என்றாள்.

அவன் கண்ணைத் திறந்தான்.

"பாக்கலியா?"

"என்னத்தை? சாப்டியா நீ?"

"இல்ல."

"தூக்குச்சட்டியில மீன்குழம்பும் சோறும் இருக்கு. கையைக் கழுவிட்டு வா."

அவன் நகரவில்லை. என்ன நடக்கிறது என்று தெரியாமல் செலஸ்தீனாவைப் பார்த்தான். செலஸ்தீனா மெழுகு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஏய்யா" என்றாள் இஞ்ஞாசியம்மா. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் புள்ளி, நங்கூரத்தால வந்தது இல்லய்யா. எங் கம்பி நாரால வந்தது. நீ உரசலைன்னு சொன்னியே. நெசந்தான் சொல்லிருக்க."

தனிஸ் படகைப் பார்த்தான். மெழுகு பூசிய பக்கம் பனி மூடியது போல மங்க ஆரம்பித்திருந்தது. புள்ளி இருந்த இடத்தைக் கண்ணால் தேடினான். தொடப் போன கையைத் தானாகவே இழுத்துக்கொண்டான்.

"காயணும்லா?" என்றான்.

"ஆமா" என்றாள் செலஸ்தீனா.

அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். தூக்குச்சட்டியைத் திறந்து, மணலில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். பசித்தவன் சாப்பிடுகிற சாப்பாடு. இஞ்ஞாசியம்மா குழம்பு போதுமா என்று மட்டும் கேட்டாள். போதும் என்றான்.

சாப்பிட்டு எழுந்ததும் படகைச் சுற்றி ஒரு நடை நடந்தான். பின்புறம் போய்க் குனிந்தான்.

"மாமா, இந்த விளிம்பு ரப்பரு பிஞ்சு தொங்குதே?"

"அது போன மாசமே பிஞ்சிட்டு" என்றான் ரோச்.

"இதே அளவு ரப்பரு வச்சிருக்கீங்களா? திங்கக்கிழமை நான் மாத்திருதேன்."

"திங்கக்கிழமை நீ கொச்சியிலல்லா இருப்ப?"

தனிஸ் பிய்ந்த ரப்பரை இழுத்து நேராக்கினான். கையை விரித்து ரப்பரைச் சாண் சாணாக அளக்கத் தொடங்கினான்.

இஞ்ஞாசியம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்துவிட்டாள். செலஸ்தீனாவின் கையைப் பிடித்து இழுத்து, காதோடு காதாக, அவசரமாகக் கேட்டாள்.

"திங்கக்கிழமைன்னானே, கேட்டியா? தங்கிருவானோ? போய் ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருதேன்."

செலஸ்தீனா படகின் பக்கத்தைப் பார்த்தாள். பாதி மங்கியிருந்தது. பாதி இன்னும் ஈரமாக மினுங்கியது.

"காஞ்சுக்கிட்டு இருக்கு எக்கா" என்றாள். "உக்காருங்க."